ஊற்றுகள் போட்ட சாலை

தென் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் மர்ரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர். வழியில் தார் கிடையாது, பெரும்பாலான இடங்களில் கைபேசிக்கு சிக்னலும் கிடையாது. கேரவனை இழுத்துக்கொண்டு ஊட்னடட்டா தடத்தில் போகிறவர்கள், தண்ணீரை நம்பி மனிதர்கள் காலங்காலமாக நடந்த வழியில்தான் போகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் நெடுஞ்சாலைகள் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோடுகளாகத் தெரியும். தெற்கே நல்லார்பார் சமவெளியில், பலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே சாலை 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடுகிறது. ஊட்னடட்டா தடம் அந்த வகை இல்லை. மர்ரீ என்ற சிற்றூரில் புறப்பட்டு முதலில் மேற்கே சாய்கிறது. உப்பேரி ஒன்றின் தென்கரையைத் தொடுகிறது. பிறகு வடமேற்காகத் திரும்பி, வளைந்து நெளிந்து, மார்லாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையோடு சேர்கிறது. குறுக்கே மலை இல்லை. ஆண்டு முழுக்க ஓடும் ஆறும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சிவந்த கல் பரப்புதான். பிறகு ஏன் இந்த வளைவு?

பூமிக்கடியிலிருந்து நீர் தானாக மேலே வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு இந்தத் தடம் போகிறது. இந்நிலத்தின் பழங்குடிகளான அரபானா மக்கள் அந்த ஊற்றுகளை நம்பி நடந்தார்கள். 1859இல் குதிரையில் வந்த ஆய்வுப் பயணி அதே ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனார். அவர் பின்னால் தந்திக் கம்பி வந்தது, கம்பியின் பின்னால் தண்டவாளம் வந்தது. ரயில் நின்றுபோன பிறகு மண்சாலை மட்டும் மிஞ்சியது. இன்று குளிர்காலம் பிறந்தால் அந்த மண்சாலையில் கேரவன்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போகின்றன. வறண்ட நாட்டில் சாலையைத் தீர்மானிப்பது தண்ணீர்தான் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழி உலகில் வேறு எங்கேனும் இருக்குமா என்பது சந்தேகமே. அந்தத் தண்ணீரின் கதி என்ன என்ற கேள்வியும் இந்த வழி நெடுகக் கூடவே வருகிறது.

மழை நிற்கும் கோடு

வடக்கே போகும் கேரவன்கள் பெரும்பாலும் போர்ட் அகஸ்டாவில் டீசல் நிரப்பிக்கொண்டு, குவார்ன், ஹாக்கர் வழியாக ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரின் ஓரமாக ஏறுகின்றன. இந்தப் பகுதியில் சாலையோரம் கூரையில்லாத கல்வீடுகள் நிற்கின்றன. சுவர் இருக்கிறது, அடுப்படியின் புகைபோக்கி இருக்கிறது, சுற்றிலும் வயல் என்று சொல்ல எதுவும் இல்லை.

இந்த இடிபாடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1865இல் தென் ஆஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர், கடும் வறட்சி நிலவிய சமயத்தில் குதிரையில் சுற்றி, எதுவரை மழையை நம்பிப் பயிரிடலாம் என்று ஒரு கோடு வரைந்தார். தரையில் வளரும் செடிகளைப் பார்த்தே அவர் அதை முடிவு செய்தார். உப்புப்புதர் தொடங்கும் இடத்தோடு கோதுமை முடிந்தது. கோட்டுக்கு வடக்கே உழாதீர்கள் என்றார். 1870களில் சில ஆண்டுகள் நல்ல மழை பெய்தது. உழவு போகுமிடத்துக்கு மழையும் பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கை பரவியது. அரசும் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. குடும்பங்கள் கோட்டைத் தாண்டி வடக்கே போய் நிலம் வாங்கின. 1880களில் வறட்சி திரும்பியது, வீடுகள் காலியாயின.

மர்ரீக்குத் தெற்கே இருக்கும் ஃபரினா அந்த நம்பிக்கையின் வடக்கு முனை. 1878இல் கோதுமைக் கனவோடு மனை பிரித்த ஊர் அது. இன்று அங்கே நிற்பவை கல்சுவர்கள். தன்னார்வலர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்து தங்கி இடிபாடுகளைச் செப்பனிடுகிறார்கள். தரைக்கடியில் கட்டிய பழைய ரொட்டி அடுப்பை மூட்டி ரொட்டி சுட்டு, பயணிகளுக்கு விற்று, அந்தப் பணத்தையும் அதே வேலைக்குச் செலவிடுகிறார்கள். கேரவனில் வருகிறவர்கள் சூடான ரொட்டியை வாங்கிக்கொண்டு இடிந்த தெருக்களில் நடக்கும்போது, கோய்டரின் கோடு எவ்வளவு சரியானது என்று யாரும் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சக்கரத்தின் மேல் வீடு

கேரவன் என்றதும் நம்மில் பலருக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் குளிர்சாதன வண்டிதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் கேரவன் என்பது காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிவறை எல்லாம் அதற்குள் அடக்கம். வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஊரிலிருக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றும் தம்பதியர் அங்கே ஏராளம். ‘கிரே நோமாட்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயரே இருக்கிறது. குளிருக்குப் பயந்து வடக்கே போவதும், கோடை தொடங்குமுன் தெற்கே திரும்புவதும் அவர்கள் வழக்கம்.

தார்ச்சாலையில் ஓடும் எல்லாக் கேரவனும் இந்தத் தடத்துக்கு ஏற்றதல்ல. மர்ரீ தாண்டினால் சரளையும் மண்ணும்தான். சக்கரங்கள் ஓடி ஓடித் தரையில் வரிவரியாக மேடும் பள்ளமும் விழுந்திருக்கும். அதன்மேல் மணிக்கணக்கில் ஓடினால் அலமாரியின் திருகுகள் கழன்று விழும், குழாய் இணைப்புகள் தளரும், முட்டைகள் உடையும். ‘கிப்பர்’ என்று அவர்கள் சொல்லும் கூரிய கற்கள் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். சில இடங்களில் மாவுபோல நுண்ணிய மண் பள்ளத்தை மூடி, தரை சமமாக இருப்பதுபோலக் காட்டும். அதற்கு ‘புல்டஸ்ட்’ என்று பெயர். தெரியாமல் வேகமாகப் போய் இறங்கினால் அச்சே முறியலாம். ஆகவே தரையிலிருந்து நல்ல உயரமும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங்கும், அடிப்பகுதியில் கல் தடுப்பும் கொண்ட கேரவன்களையே இங்கே கொண்டுவருகிறார்கள். இழுக்கும் வண்டி நான்கு சக்கர இயக்கம் கொண்டதாக இருக்கும்.

அனுபவப்பட்டவர்கள் முதலில் பேசுவது எடையைப் பற்றித்தான். கேரவனின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் பாரம் கூடிவிட்டால் வேகத்தில் கேரவன் பாம்புபோல ஆடத் தொடங்கும், சமயத்தில் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆகவே கனமான பொருட்கள் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது அங்கே சட்டம். 2,000 கிலோவைத் தாண்டினால், கொக்கி கழன்றாலும் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் கட்டாயம்.

தண்ணீர்க் கணக்கு அதற்கு அடுத்தது. ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொண்டு, வண்டி நடுவழியில் நின்றுபோனால் தாக்குப்பிடிக்க மேலும் சில நாட்களுக்கானதையும் எடுத்துப் போகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் நிரப்புவதில்லை. ஒரு கல் பட்டுத் தொட்டியில் ஓட்டை விழுந்தால் மொத்தமும் போய்விடும். நகரத்தில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கிய மனிதர் இங்கே ஒரு குவளை நீரில் பாத்திரம் கழுவப் பழகுகிறார்.

ஒட்டகக்காரர்களின் ஊர்

மர்ரீ மிகச் சிறிய ஊர். ஒரு ஹோட்டல், ஒரு கடை, ரயில் வராத பழைய ரயில் நிலையம், அதன் முன்னால் துருப்பிடித்து நிற்கும் டீசல் இன்ஜின்கள். 1884இல் தண்டவாளம் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு வடக்கே சரக்கு போக வேண்டுமென்றால் ஒட்டகம் ஒன்றுதான் வழி.

நம் துணைக்கண்டத்துக்கும் இந்த ஊருக்குமான உறவு அந்த ஒட்டகங்களில்தான் இருக்கிறது. 1860இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் ஆய்வுப் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து ஒட்டகங்களும் அவற்றை ஓட்டுகிறவர்களும் மெல்போர்னுக்குக் கப்பலேறினார்கள். பிறகு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப், ராஜஸ்தான் என்று அவர்களின் ஊர்கள் பல. எல்லோரையும் சேர்த்து ‘ஆப்கான்’ என்றே அழைத்தார்கள். தந்திக் கம்பங்கள், தண்டவாளக் கட்டைகள், மாவு மூட்டைகள், கம்பளிப் பொதிகள், ஒதுக்குப்புறத்துப் பண்ணை வீடுகளுக்கான சாமான்கள் என உள்நாட்டுக்குத் தேவையான அத்தனையும் அவர்களின் ஒட்டகங்கள் மேல்தான் போயின. மர்ரீயில் தண்டவாளத்துக்கு ஒருபுறம் வெள்ளையர் வசித்தார்கள். மறுபுறம் ஒட்டகக்காரர்களும் பழங்குடிகளும் வசித்தார்கள். ஈச்சங்கன்று நட்டு, மண்ணாலும் கட்டைகளாலும் ஒரு பள்ளிவாசல் எழுப்பித் தொழுதார்கள். அந்தப் பள்ளிவாசலின் மாதிரி ஒன்றை இன்றும் ஊருக்குள் பார்க்கலாம்.

நாட்டின் நடுப்பகுதியைத் திறந்துவிட்ட இந்த மனிதர்களுக்கு நாடு நன்றியோடு நடந்துகொள்ளவில்லை. 1901இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெள்ளையரல்லாதவர்கள் உள்ளே வருவதை அடைத்தது. ஊருக்குப் போய்த் திரும்புவதும் குடும்பத்தை அழைத்து வருவதும் அவர்களுக்குப் பெரும்பாடாகின. 1920களில் மோட்டார் லாரிகள் வந்ததும் ஒட்டகங்களுக்கு வேலை போயிற்று. பலர் அவற்றைக் கொல்ல மனம் வராமல் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் வழிவந்தவை இன்று உள்நாடெங்கும் திரிகின்றன. அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓடும் சொகுசு ரயிலின் பெயர் ‘தி கான்’. அதன் சின்னம் ஒட்டகமும் அதன்மேல் ஒரு மனிதரும்.

குமிழியிடும் மேடுகள்

மர்ரீயிலிருந்து மேற்கே போகும்போது பழைய ரயில்பாதையின் மண்மேடு துணைக்கு வருவதும் விலகுவதுமாக இருக்கிறது. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். பாலங்கள் மட்டும் நிற்கின்றன. சுமார் 130 கிலோமீட்டர் போனதும் வாப்மா கடார்பு என்ற காப்பகத்துக்கு ஒரு கிளைப்பாதை பிரிகிறது. இந்த வழியின் உயிர் இருக்குமிடம் அதுதான்.

வெளிறிய, உப்புப் பூத்த வெட்டவெளியில் தாழ்வான ஒரு மேடு. ஏறிப் பார்த்தால் உச்சியில் வட்டமான ஒரு குளம், ஓரமெல்லாம் கோரைப்புல். அடியில் கிடக்கும் மணல் கொதிப்பதுபோலப் புரண்டு, பெரிய குமிழிகளாக மேலே எழும்பி அடங்குகிறது. ‘பப்ளர்’ என்று வெள்ளையர் பெயர் வைத்த ஊற்று இது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மேட்டில் ‘பிளான்ச் கப்’, அசைவற்ற தெளிந்த நீர். அரபானா மக்களின் வரலாற்றில் இந்த இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் பகுதிகள். மூதாதை வேட்டைக்காரர் ஒருவர் பெரும்பாம்பு ஒன்றைத் துரத்திவந்து இங்கே கொன்றார். குமிழியிடும் ஊற்று, சாகும் பாம்பின் துடிப்பு. பிளான்ச் கப், அவர் அதைச் சுட்ட அடுப்பு. அருகே நிற்கும் ஹாமில்டன் குன்று, அவர் வெட்டி வீசிய தலை. நிலவியலாளர்களும் அந்தக் குன்றை ஒரு காலத்தில் நீர் சுரந்து ஓய்ந்துபோன பழைய ஊற்று மேடு என்றே சொல்கிறார்கள்.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலத்துக்கு அடியில், சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில், ‘கிரேட் ஆர்ட்டீசியன் பேசின்’ என்ற நிலத்தடி நீர்ப்படுகை விரிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பைப்போல் பதின்மூன்று மடங்கு. கிழக்கே குயின்ஸ்லாந்து மலைகளில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, மேலேயும் கீழேயும் நீர் புகாத பாறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஆண்டுக்குச் சில மீட்டர் வேகத்தில் தென்மேற்கே ஊர்ந்து வருகிறது. மாடித் தொட்டியின் நீர் கீழ்வீட்டுக் குழாயில் பீய்ச்சுவதுபோல, உயரத்தில் சேர்ந்த நீரின் அழுத்தம், பாறை விரிசல் கண்ட தாழ்வான இடங்களில் அதை மேலே தள்ளிவிடுகிறது. இங்கே வெளிவரும் நீரில் ஒரு பகுதி பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. மேலே வந்த நீர் ஆவியாகும்போது அதிலிருக்கும் சுண்ணாம்பும் உப்பும் படிகின்றன, காற்று கொண்டுவரும் மணலும் சேர்கிறது, மேடு வளர்கிறது.

ஒவ்வொரு ஊற்றும் வறண்ட கடலில் ஒரு தீவு. வேறெங்கும் இல்லாத நத்தைகளும் சிறு மீன்களும் இந்தக் குளங்களில் மட்டும் வாழ்கின்றன. ஆகவேதான் இந்த ஊற்றுச் சூழலை அழியும் நிலையில் உள்ளது என்று ஆஸ்திரேலியச் சட்டம் பட்டியலிட்டுப் பாதுகாக்கிறது. பலகைப் பாதையை விட்டு ஒரு அடி இறங்கினாலும் மிதிபடுவது உலகில் வேறெங்கும் கிடைக்காத உயிர்.

பக்கத்திலேயே கவர்ட் ஸ்பிரிங்ஸ். 1886இல் ரயிலுக்காகத் தோண்டிய ஆழ்துளைக் கிணறு இங்கே இருந்தது. அதன் மூடி அரித்துப்போய், நீர் பல பத்தாண்டுகள் கட்டுப்பாடின்றிப் பொங்கி ஓடி ஒரு சதுப்பு நிலத்தையே உண்டாக்கியது. 1993இல் புதுக் கிணறு போட்டு நீரைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இன்று பழைய ஈச்ச மரங்களின் நிழலில் கேரவன்கள் தங்குகின்றன. கட்டைகளை அடுக்கிச் செய்த தொட்டியில் வெதுவெதுப்பான ஊற்றுநீரில் பயணிகள் புழுதி போகக் குளிக்கிறார்கள்.

ஒருவர் தடத்தில் மற்றவர்

முற்காலத்தில் வடக்கே தொலைதூரத்திலிருந்து பழங்குடி மக்கள் ஃபிளிண்டர்ஸ் மலைகளின் செங்காவிக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வருவார்கள். சடங்குக்கு வேண்டிய அந்தக் காவியைச் சுமந்துகொண்டு திரும்புவார்கள். ஊற்றிலிருந்து ஊற்றுக்கு எத்தனை நாள் நடை, எந்த ஊற்று குடிக்க ஏற்றது என்பதெல்லாம் அவர்களின் பாட்டிலும் கதையிலும் பதிந்திருந்தது.

ஜான் மெக்டூவால் ஸ்டூவர்ட் என்ற ஆய்வுப் பயணிதான் 1859இல் இந்த ஊற்று வரிசையைப் பற்றிக்கொண்டு வடக்கே போனார். கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடக்கும் முயற்சியில் இரண்டு முறை தோற்று, 1862 ஜூலையில் வடகடலைத் தொட்டார். அவர் காட்டிய வழியில் சார்ல்ஸ் டாட் தலைமையில் 1870இல் தந்திப் பணி தொடங்கியது. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை சுமார் 3,000 கிலோமீட்டர், 36,000 கம்பங்கள். 1872 ஆகஸ்டில் கம்பியின் இரு முனைகளும் இணைந்தன. டார்வினிலிருந்து ஜாவாவுக்குக் கடலடிக் கம்பி. கப்பலில் மாதக்கணக்கில் போய்வந்த லண்டன் செய்தி சில மணி நேரத்தில் வந்தது.

கம்பியில் போகும் சமிக்ஞை தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். ஆகவே முந்நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையம் அமைத்து, செய்தியைக் கேட்டெழுதி மறுபடி அனுப்ப வேண்டும். ஆள் தங்க வேண்டுமென்றால் நீர் வேண்டும். ஸ்ட்ராங்வேஸ் ஸ்பிரிங்ஸிலும் பீக்கிலும் ஊற்றுகளுக்குப் பக்கத்திலேயே நிலையங்கள் எழுந்தன. கல்லும் களிமண்ணும் கொண்டு எழுப்பிய அந்தச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

நீராவி இன்ஜினின் தாகம் அதைவிடப் பெரிது. ரயில் 1891இல் ஊட்னடட்டாவையும் 1929இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸையும் எட்டியது. வழிநெடுக ஊற்றும் ஆழ்துளைக் கிணறும்தான் இன்ஜின்களுக்கு நீர் கொடுத்தன. ஆனால் அந்த நீரின் உப்புகள் கொதிகலனுக்குள் படிந்து அதைத் தின்றன. நீரின் கடினத்தன்மையைக் குறைக்கவென்றே கர்டிமுர்காவிலும் பெரஸ்ஃபோர்டிலும் உயரமான இரும்புக் கோபுரங்களை நிறுத்தினார்கள். வெட்டவெளியில் அவை இன்னமும் நிற்கின்றன. அரிதாக வரும் பெருவெள்ளம் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் பயணிகள் நாட்கணக்கில் நடுவழியில் காத்துக் கிடப்பார்கள். 1980இல் மேற்கே வெகுதூரம் தள்ளிப் புதிய பாதை போட்டதும் இந்தப் பாதையை மூடினார்கள்.

கடலுக்குக் கீழே ஓர் ஏரி

தடத்தின் ஓரத்திலேயே, ஒரு திருப்பத்தில், கட்டி தண்டா என்ற ஐர் ஏரியின் தென்பகுதி விரிகிறது. கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கும் அந்த ஏரி, ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த இடம். பெரும்பாலான ஆண்டுகளில் அங்கே நீர் இல்லை, கண் கூசும் வெள்ளை உப்புத் தகடுதான் உண்டு. 1964இல் டொனால்ட் கேம்பல் அந்த உப்பின் மேல் மணிக்குச் சுமார் 649 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி உலக சாதனை படைத்தார்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் குயின்ஸ்லாந்தில் பெருமழை பெய்தால் கதை மாறும். டயமண்டினா, கூப்பர் ஆறுகள் நிரம்பி, வரும் வழியெல்லாம் மண்ணுக்கும் வெயிலுக்கும் பங்கு கொடுத்து, வாரக்கணக்கில் நகர்ந்து இந்த ஏரிக்கு வரும். மீன்கள் பெருகும். கடற்கரையிலிருந்து கூழைக்கடாக்கள் ஆயிரமாயிரமாக வந்து கூடுகட்டும். முற்றிலும் நிரம்புவது ஒரு நூற்றாண்டில் சில தடவைதான். 1974இல் வந்த வெள்ளம்தான் பதிவானவற்றில் மிகப் பெரியது. 2025இலும் குயின்ஸ்லாந்து வெள்ளத்தால் ஏரிக்குப் பெருமளவு நீர் வந்தது. வில்லியம் கிரீக்கிலிருந்து சிறு விமானங்கள் பயணிகளை ஏரிக்கு மேல் சுற்றிக் காட்டுகின்றன. அரபானா மக்களுக்கு இது புனித இடம். 2012இல் நீதிமன்றம் அவர்களின் நில உரிமையை அங்கீகரித்தது, ஏரிக்கும் அவர்களின் பெயர் திரும்பக் கிடைத்தது. ஏரிப்படுகையில் இறங்காதீர்கள் என்பது அவர்கள் விடுக்கும் வேண்டுகோள். கரையில் நின்று பார்ப்பதே போதும்.

வண்டியை விட்டு நகராதே

வில்லியம் கிரீக்கில் நிலையாக வசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுற்றியிருப்பது அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களைச் சேர்த்தாலும் அதன் பரப்புக்கு ஈடாகாது. அங்கிருந்து ஊட்னடட்டா இன்னொரு 200 கிலோமீட்டர். வழியில் நீல்ஸ் ஆற்றின் குறுக்கே கட்டிய அல்ஜிபக்கினா ரயில்பாலம், 578 மீட்டர் நீளம். ஆறு ஓடாத காலத்திலும் அதன் மடுவில் நீர் தங்கியிருக்கும். அதன் கரையில் கேரவனை நிறுத்திவிட்டு மாலையில் உட்கார்ந்தால், கொரெல்லாக் கிளிகளின் கூச்சலைத் தவிர வேறு சத்தமே இருக்காது.

ஊட்னடட்டாவில் 1960 ஜனவரி 2ஆம் தேதி வெப்பம் 50.7 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஆஸ்திரேலியாவில் அதைவிட அதிகம் இன்றுவரை பதிவானதில்லை. இந்த வெயிலில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது? 1911இல் மதபோதகர் ஜான் ஃபிளின்னின் முயற்சியில் இங்கே ஒரு செவிலியர் இல்லம் வந்தது. அவரே 1928இல் குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஆல்ஃபிரட் ட்ரேகர் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் ரேடியோவைச் செய்து கொடுத்தார். இன்றும் தொலைதூரப் பண்ணைகளில் எண்ணிட்ட மருந்துகள் அடங்கிய பெட்டி ஒன்று இருக்கும். தொலைபேசியில் மருத்துவர் எண்ணைச் சொல்வார், அந்த மருந்தை எடுத்துக் கொடுப்பார்கள். நிலைமை மோசமென்றால் விமானம் வரும்.

இவ்வளவு இருந்தும் ஒரு விதியை யாரும் தளர்த்துவதில்லை. வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நகரக் கூடாது. 1963 டிசம்பரில், மர்ரீயிலிருந்து வடக்கே பிரியும் பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. பெற்றோரும் மூன்று மகன்களும் வண்டியை விட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் இறந்தார்கள். விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி தெரியும், மனிதர் தெரியமாட்டார். வண்டியின் நிழல் இருக்கும், அதிலிருக்கும் நீர் இருக்கும். நடக்கத் தொடங்கினால் இரண்டும் போய்விடும்.

போகிறவர்கள் அறிய வேண்டியவை

பருவம்: மே முதல் செப்டம்பர் வரை. ஜூலை இரவுகளில் குளிர் நடுக்கும். கோடையில் போகவே கூடாது.

சாலை நிலவரம்: சிறு மழைக்கும் தடம் சேறாகிவிடும், அரசு உடனே மூடிவிடும். மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு. அதோடு, ஈரத்தில் ஒரு கேரவன் அறுத்துவிடும் பள்ளம் காய்ந்து இறுகி மாதக்கணக்கில் மற்றவர்களை வதைக்கும்.

எரிபொருள்: மர்ரீ, வில்லியம் கிரீக், ஊட்னடட்டா, மார்லா. ஒவ்வொன்றுக்கும் இடையே சுமார் 200 கிலோமீட்டர். கேரவனை இழுக்கும்போது டீசல் செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும்.

டயர்: சரளையில் காற்றைக் குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்ட வேண்டும். இரண்டு ஸ்டெப்னி இருப்பது நல்லது. காற்றடிக்கும் கம்ப்ரஸர் கையோடு வேண்டும்.

தொடர்பு: யு.எச்.எஃப் ரேடியோவில் 40ஆம் சேனலில் லாரி ஓட்டுநர்கள் பேசுவார்கள். செயற்கைக்கோள் தொலைபேசியோ அவசர உதவிக் கருவியோ இல்லாமல் இறங்கக் கூடாது.

நேரம்: விடியற்காலையிலும் அந்தி மயங்கும்போதும் கங்காருவும் மாடும் சாலைக்கு வரும். அந்த நேரங்களில் வண்டி நின்றிருக்க வேண்டும்.

மரியாதை: கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். குப்பையும் கழிவுநீரும் உங்களோடு திரும்ப வேண்டும். மாடு குடிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் கூடாரம் போடக் கூடாது.

யாருடைய நீர்?

1878இல் நியூ சவுத் வேல்ஸில் முதல் ஆர்ட்டீசியன் கிணறு பொங்கியபோது, தீராத செல்வம் கிடைத்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கிணறுகள் தோண்டினார்கள். பொங்கிய நீரைத் திறந்த வாய்க்கால்களில் ஓடவிட்டார்கள். அதில் பெரும்பகுதி மாட்டின் வாய்க்குப் போகுமுன் ஆவியாகவும் மண்ணுக்குள்ளும் போயிற்று. படுகையின் அழுத்தம் இறங்கியது. பல இடங்களில் ஊற்றுகள் மெலிந்தன, சில வறண்டே போயின. லட்சக்கணக்கான ஆண்டுகள் நடந்து வந்த நீரை ஒரு நூற்றாண்டுக்குள் தரையில் கொட்டிவிட்டார்கள்.

தவறு உறைத்த பிறகு திருத்தமும் தொடங்கியது. 1999இல் மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து பழைய கிணறுகளுக்கு மூடி போடவும், வாய்க்கால்களைக் குழாய்களாக மாற்றவும் பணம் ஒதுக்கின. பல இடங்களில் அழுத்தம் மீண்டும் ஏறியிருக்கிறது. மூடிய கிணற்றால் ஊற்று உயிர்பெறும் என்பது கண்ணெதிரே நடந்த உண்மை. இன்னொரு பக்கம், ஒலிம்பிக் டேம் செம்பு, யுரேனியச் சுரங்கம் 1980களிலிருந்து இதே படுகையிலிருந்து நீர் எடுத்துவருகிறது. நாளொன்றுக்கு மூன்று கோடி லிட்டருக்கும் மேல். அந்த அளவு இந்த ஊற்றுகளுக்கு என்ன செய்யும் என்ற கேள்வியை அரபானா மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். கடல்நீரை நன்னீராக்கிக் குழாயில் வடக்கே கொண்டுவரும் திட்டம் ஒன்றை மாநில அரசு பரிசீலித்துவருகிறது. அது நடந்தேற வேண்டும். செம்பு உலகத்துக்கு வேண்டும்தான். ஆனால் செம்பு வேறிடங்களிலும் கிடைக்கும், பப்ளர் ஊற்றின் நத்தைக்கு வேறிடம் இல்லை.

மார்லாவில் தார்ச்சாலை ஏறியதும் கேரவன்கள் வேகமெடுத்துவிடும். வடக்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், தெற்கே கூபர் பீடி, இரண்டு பக்கமும் வழுவழுப்பான சாலை. அங்கிருந்து பார்த்தால் உள்நாட்டைக் கடப்பது மிக எளிய காரியமாகத் தெரியும். அந்த எளிமைக்கு முன்னால் யார் யார் நடந்தார்கள், எந்த நீரைக் குடித்து நடந்தார்கள் என்பதை அறிய ஊட்னடட்டா தடத்தில் மெல்லப் போக வேண்டும். போய் வந்தவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டப் படமெடுத்து வருகிறார்கள், நல்லது. அதோடு அந்த ஊற்றுகளுக்காகப் பேசும் குரலாகவும் அவர்கள் திரும்ப வேண்டும். சாலையைப் போட்டுக் கொடுத்த நீருக்கு அதில் பயணம் செய்தவர்கள் பட்ட கடன் அது.